பதினேழாம் நம்பர்

கிழக்கு லண்டனில் ஐஸ் ஹாக்கி ஆட்டம் தொடங்க இரண்டே நிமிடம். விளக்கொளியில் பனித்தளம் கண்ணைக் கூசவைக்கிறது. எதிரணி மேனேஜர் மெய்யப்பன் மேசையில் கிடக்கும் அணிப்பட்டியலை, அதை எழுதிய மற்ற அணி மேனேஜர் யோகராஜாவின் பக்கம் நகர்த்துகிறார். "உங்க பதினேழாம் நம்பர் இதுல இல்லையே அண்ணே." யோகராஜா பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்க்கிறார். போன வாரப் பட்டியலைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறார். அன்று காயத்தோடு கிடந்தவன் இன்று சறுக்கித் திரிகிறான். பட்டியலில் இல்லாதவன் போடும் கோல் செல்லாது. மெய்யப்பன் வாயே திறக்காமல் இருந்திருக்கலாம். குளிரில் யோகராஜாவின் பேனா எழுத மறுக்கிறது. மெய்யப்பன் தன்னுடையதை நீட்டுகிறார். "பெரிய உதவி செய்துபோட்டியள்," என்கிறார் யோகராஜா. "முதல்ல எழுதுங்க, நடுவர் வர்றாரு." விசில் ஒலிக்கிறது. மூன்றாம் நிமிடமே பதினேழாம் நம்பர் கோல் போடுகிறான். அரங்கமே எழுந்து கத்துகிறது. யோகராஜா கத்தவில்லை, திருப்பிக் கொடுக்க மறந்த பேனாவைச் சட்டைப்பையில் தொட்டுப் பார்க்கிறார்.