இறக்கையின் கீழ் ஒரு கை

போர் விமானத்தில் புதிய குண்டைப் பொருத்துவதென்றால் விமானத்தின் கணினியைக் குடைந்து மாற்றியே வருடங்கள் ஓடிவிடும். செலவோ கல்யாணச் செலவு மாதிரி, சொன்ன இடத்தில் நிற்காது. பொறியாளன் தேவசகாயம் அந்தக் கணினியைத் தொடவே இல்லை. இறக்கைக்கடியில் ஒரு பெட்டி, அதை இயக்க விமானியின் தொடையில் ஒரு டேப்லெட், வேலை முடிந்தது. கழன்ற குண்டு துள்ளி இறக்கையிலேயே மோதுமா என்று அறிய, பறப்பதற்கு முன் தரையில் பன்னிரண்டு சோதனைகள் கேட்டார்கள் மேலதிகாரிகள். மூன்று போதும் என்று பேசிப்பேசியே படிய வைத்தான். எல்லோரும் கைதட்டினார்கள்.

பறக்கவிருந்த விமானிக்குக் காய்ச்சல் வந்தது. அவருக்குப் பதிலாக எழிலரசியைப் போட்டார்கள். அவள் தேவசகாயத்தின் மனைவி.

அவள் விமானக் கூடத்துக்கு வந்தபோது, கான்கிரீட் நிரப்பிய ஒத்திகைக் குண்டு இறக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. கொக்கி பிடித்திருந்தும், தொட்டில் கயிற்றை நம்பாதவன் போல இரு கைகளாலும் அதைத் தாங்கியபடி நின்றான் தேவசகாயம்.

"இன்னும் ரெண்டு சோதனை போட்டுக்கலாம், எழிலு."

"மூணு போதும்னியே?"

"போதும்தான்..."

"அடுத்தவ புருஷன் பறக்கறதுக்குப் போதும். பொண்டாட்டின்னதும் ரெண்டு கூடுதலா?"

அவன் குண்டை இன்னும் இறுக்கிப் பிடித்தான். அவள் கையுறையைக் கழற்றி அவன் விரல்களைத் தொட்டாள். சில்லிட்டிருந்தன.

"விடுப்பா. இது விழறதுக்குன்னே செஞ்சது."

அவன் விடவில்லை.

"சரி, கேக்கறதுன்னா முழுசா பன்னெண்டும் கேளு. காய்ச்சல்காரருக்கும் வீட்ல ஒருத்தி இருக்கா."

ஒரு கையை மட்டும் எடுத்து மேலதிகாரியை போனில் அழைத்தான். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு கை குண்டின் அடியிலேயே இருந்தது.