வேட்பாளர் பெபிஷா

பிரைட்டன் அடித்து விரட்டிய மனைவி பெபிஷா, இரண்டு வருடமாக முட்டத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். இன்று அவனே வந்து வேட்புமனுவை நீட்டினான்.

“நம்ம வார்டு லேடீஸுக்கு ஆயிட்டு மக்கா. இருபது வருசம் கட்சிக்குப் போஸ்டர் ஒட்டினது நான், சீட்டு இன்னொருத்திக்கா? நீ இந்த மனுவுல கையெழுத்து, ஒரு ஒப்பு போட்டா போதும். ஜெயிச்ச பொறவு எல்லாத்தையும் நான் பாத்துக்கிடுவேன்.”

“ஒப்பு போடலாம். மொதல்ல வோட்டர் லிஸ்டுல எனக்க பேரு இருக்கான்னு பாருங்க.”

கொண்டுவந்த பட்டியலை மூன்று முறை புரட்டினான். அவள் பெயர் இல்லை.

“எந்தப் பய பேர வெட்டினான்? அவன் கைய ஒடிச்சிருவேன்.”

தன் பெயரை நீக்கச் சொல்லிப் போன வருடம் தாலுகா அலுவலகத்துக்கு வந்திருந்த மனுவின் நகலை, பெபிஷா அவன் முன் போட்டாள்.

‘காரணம்: இறந்துவிட்டார்.’ கீழே, கணவர் என்று பிரைட்டனின் கையெழுத்து இருந்தது.

“ஒடிங்க” என்றாள்.