மக்கர் பண்ணிய மேக்னெட்டோ

"இன்னும் ஒரு செங்கல் உயரந்தான் வேதமுத்து அண்ணே! அப்புறம் தண்ணி என் கடைக்குள்ள!"

தையல் கடை ரேணுகாவின் குரல் உடைந்துவிட்டது. தூக்க முடிந்ததையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டாள். தூக்க முடியாத பவர் மெஷின்கள் தரையிலேயே நின்றன. அவள் பிழைப்பே அவைதான்.

நெமிலிச்சேரிப் பக்கம் விடாத மழை. தெருக்கோடிக் கால்வாயில் யாரோ லாரி லாரியாகக் கட்டட இடிபாட்டைக் கொட்டி அடைத்திருந்தார்கள். போக வழியில்லாத தண்ணீர், திரும்பித் தெருவுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. ஜேசிபி வர முடியாதபடி ரயில்வே சுரங்கப்பாதை முழுகிக் கிடந்தது.

கைவசம் இருந்தது லோகநாதனின் கிழட்டு புல்டோசர் ஒன்றுதான். அவர் அப்பா மிலிட்டரி ஏலத்தில் எடுத்தது. அது உறுமினால், ஸ்டேஷனில் நிற்கிற ரயில் தன் எஞ்சின்தான் என்று நினைத்துப் புறப்பட்டுவிடும் என்பார்கள்.

இன்று அது உறுமவில்லை.

அதன் பெரிய டீசல் எஞ்சினைக் கிளப்ப, பக்கத்தில் உள்ள குட்டி பெட்ரோல் எஞ்சினை முதலில் கிளப்ப வேண்டும். அதற்கு பேட்டரி கிடையாது. கயிற்றைச் சுற்றி இழுத்தால் மேக்னெட்டோ சுழன்று தீப்பொறி கொடுக்கும்.

மெக்கானிக் வேதமுத்து முதலில் அடைப்பையும் அதைத் தாண்டிய பள்ளத்தையும் எட்டிப் பார்த்தார்.

"இத்த ஒடச்சா தண்ணி மொத்தமும் எங்க சார் போவும்?"

"அந்தப் பக்கம் காலி கிரவுண்டுய்யா. நீ வண்டியப் பாரு" என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர் குணசேகரன்.

வேதமுத்து ஓரமாகப் போய் மகளுக்கு ஒரு போன் போட்டார். பிறகு மேக்னெட்டோ மூடியைத் திறந்தார். துடைத்தார், ஊதினார், மூடினார். பிளக்கை வெளியே எடுத்து பாடியில் சாய்த்து வைத்துவிட்டுக் கயிற்றை இழுத்தார்.

தீப்பொறி இல்லை.

"இன்னா அண்ணாத்தே?" லோகநாதன் பதறினார். "போன மாசம் ஆயுத பூஜைக்கு ஒரே இழுப்புல கெளம்பி எலுமிச்சம்பழத்த நசுக்குச்சே!"

"அப்ப வெயிலு. இப்ப காயிலு ஈரம் புடிச்சிகினு கீது. சூடு காட்டணும். ஒரு தோசைக்கல்லு போடும்மா ரேணுகா."

"தண்ணி வாசலுக்கு வந்துடுச்சு, தோசைக்கல்லு கேக்கறாரு பாரு மனுஷன்!"

திட்டிக்கொண்டே அடுப்பைப் பற்ற வைத்தாள். வேதமுத்து காயிலைக் கழற்றி, கல்லில் திருப்பித் திருப்பிப் போட்டு வாட்டினார்.

"சட்னியும் அரைக்கச் சொல்லட்டுமா?" என்றார் குணசேகரன்.

வேதமுத்துவின் போன் அடித்தது.

"ம்... இன்னும் ஆவலியா?... சரி, சீக்கிரம்."

மறுபடி மாட்டினார். மறுபடி இழுத்தார். ஒன்றுமில்லை. மேக்னெட்டோவுக்குள் இருக்கும் பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார். பல்லுக்குப் பாலிஷ் போடுவதுபோல அவ்வளவு நிதானம்.

தண்ணீர் கடை வாசற்படியைத் தொட்டது. ரேணுகா பட்டு ரவிக்கை மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, நாளான்னிக்கி முகூர்த்தத்துக்குத் தர வேண்டியது. தைக்க மெஷின் இல்லன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

வேதமுத்துவின் கை ஒரு கணம் நின்றது. அவள் முகத்தைப் பார்க்காமல் மறுபடியும் தேய்த்தார்.

போன் திரும்பவும் அடித்தது.

"எத்தினி பேரு பாக்கி?... ம். வெச்சிடு."

"கேட்டீங்களா?" குணசேகரன் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "இங்க தெருவே முழுகுது, இவருக்கு அடுத்தடுத்து கிராக்கி கூப்பிடுது! இவர் வீடு மேட்டுல இருக்கு, இவருக்கென்ன!"

"வேல தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போய்யா!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

லோகநாதனுக்குப் பொறுக்கவில்லை. செல்போன் டார்ச்சை அடித்து மேக்னெட்டோவின் அடிப்பக்கம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"யோவ்! வண்டிய நிறுத்தற ஒயரு இது. இது பாடியத் தொட்டுகினு இருந்தா தீப்பொறியே வராது. இத்த யாரு இங்க சொருவுனது?"

வேதமுத்து தலை குனிந்தார்.

"நான்தான்."

"அடப்பாவி!"

ரேணுகா எழுந்து நின்றாள். வாசற்படியைத் தாண்டிய தண்ணீர் அவள் காலைச் சுற்றிக்கொண்டு கடைக்குள் வழிந்தது. "உங்களுக்கு நான் இன்னா துரோகம் பண்ணேன் அண்ணே?"

குணசேகரன் பாய்ந்து வேதமுத்துவின் சட்டையைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து வேதமுத்துவின் பையிலிருந்த போன் அடித்தது.

"கொடுய்யா அதை! எந்தப் பார்ட்டின்னு தெருவே கேக்கட்டும்!" பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார் குணசேகரன்.

வேதமுத்துவின் மகள் அருள்செல்வி மூச்சு வாங்கப் பேசினாள்:

"அப்பா, இனிமே ஒடைங்க. காலி கிரவுண்டுல தகரக் கொட்டாய் போட்டிருந்தவங்க அத்தினி பேரும் கைக்குழந்தைங்களோட ஸ்கூல் மாடிக்கு ஏறிட்டாங்க. காவலுக்கு இருந்த ஒரே ஒருத்தருதான் வர மாட்டேன்னு அடம் புடிச்சாரு. குணசேகரன் சார் வூட்டு மாடி கட்டறதுக்கு அங்க வெச்சிருக்கிற சிமெண்ட் மூட்டை நனைஞ்சிடுமாம், விட்டுட்டு வர மனசு வரலியாம். அவரையும் இழுத்துகினு வந்துட்டேன்."