அதிரனின் வாரிசு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டுகளை எடுப்பதற்கு முன்பே தேவநாதன் மேசையில் அந்தப் பெரிய தாளை விரித்துவிட்டார். விண்வெளி வீரன் அதிரனின் வம்சாவளி. முப்பது வருடமாக வாரப் பத்திரிகையில் அவர் எழுதிவரும் நாயகன் அவன். ஆண்டுமலருக்காகக் கேட்டிருந்தார்கள்.

வச்சலா கணவரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். உச்சியில் அதிரன், அவனுக்கு ஒரே மகன் கபிலன். அது அவள் பிள்ளையின் பெயர். ஒன்பது வயதில் காய்ச்சலில் போனவன். அந்தப் பெயரிலிருந்து கட்டம் கட்டமாகக் கபிலன்கள் இறங்கினார்கள். செவ்வாயில் எரிந்தவன், அவனுடைய உயிரணுவிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்டவன், வேறொரு காலத்திலிருந்து கூட்டிவரப்பட்டவன். எல்லாக் கட்டத்திலும் சிவப்புப் பெருக்கல் குறி. கடைசிக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"இன்னும் எத்தனை தடவைங்க சாகடிப்பீங்க அவனை?"

"கபிலன் செத்தாத்தான் கடிதம் குவியுது வச்சு. பத்திரிகைக்காரன் கேக்கறான், நான் என்ன பண்ண?"

தயிர் காயாத விரலை அவர் காலிக் கட்டத்தில் வைத்துத் தட்டினார். தாளில் வெள்ளையாகக் கறை படிந்தது. அவள் முந்தானையால் அதைத் துடைத்தாள்.

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"இந்தத் தடவை நிஜமாவே நடந்ததை எழுதப்போறேன். நான் மாத்திரை வாங்கப் போயிருந்தேனே, அப்ப அவன் தண்ணி கேட்டானா, இல்ல என்னைக் கேட்டானா? நீதானே பக்கத்துல இருந்தே?"