மறுபடியும் எழுதலாமா?

மேலாண்மைக் கல்லூரி நுழைவுத் தேர்வில் கோட்டைவிட்டதை, எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவரிடம் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தான் அவன்.

"இங்கிலீஷ்ல பிச்சு உதறிட்டேண்ணே. கணக்குதான் காலை வாரிடுச்சு."

"அதுக்கென்ன தம்பி, திரும்ப எழுதுங்க."

"மறுபடியும் கவுத்துட்டா மானம் கப்பலேறிடுமே!"

"தனியா முட்டி மோதினா அப்படித்தான். மார்க்கெட் பக்கத்துல ஒரு கோச்சிங் சென்டர் இருக்கு. என் தங்கச்சி பையன் அங்கதான் படிச்சான். சரியான மக்கு, ஆனா கணக்குல எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுட்டான்! பேசாம அந்தக் கணக்கு வாத்தியார் கால்ல போய் விழுந்துடுங்க."

அவன் நெளிந்தான்.

"அது முடியாதுண்ணே."

"ஏன், கௌரவம் தடுக்குதா?"

"கௌரவம் எல்லாம் இல்லண்ணே. என் கால்ல நானே எப்படி விழுறது?"