ஓரத்துப் பொடி எழுத்து

எந்த விபத்துச் செய்தியைத் திறந்தாலும் புஷ்பமேரியின் போனில் அவள் மகன் ரெமிஜியூஸின் முகம்தான் வரும். பஸ் கவிழ்ந்தாலும் அவன்தான், பட்டாசு ஆலை வெடித்தாலும் அவன்தான். யாருடைய முகத்தைப் போட்டால் யார் பதறிப்போய்த் தொடுவார்கள் என்பது செய்தித் தளங்களுக்கு அத்துப்படி.

முதல் தடவை அவள் செருப்புகூடப் போடாமல் துறைமுகத்துக்கு ஓடினாள். கிரேனிலிருந்து இறங்கிவந்த ரெமிஜியூஸ் தலையில் அடித்துக்கொண்டான்.

"யம்மா, படத்து ஓரத்துல பாரு. 'மாதிரிப் படம்'னு பொடி எழுத்துல போட்டிருப்பான். அது இருந்தா நான் நல்லாருக்கேன்னு அர்த்தம்."

அன்றிலிருந்து அந்தப் பொடி எழுத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்குக் கை கால் ஓடும்.

இன்று காலை, துறைமுகத்தில் கிரேன் சாய்ந்துவிட்டதாகச் செய்தி. மேலே அதே முகம். அவள் ஓரத்தைப் பார்த்தாள். படத்தைப் பெரிதாக்கினாள். முந்தானையால் திரையைத் துடைத்தாள். பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

பக்கத்து வீட்டு லியோனி வாசலில் வந்து நின்றாள். விபத்து என்றால் எப்போதும் அவள் புருஷன் முகத்தையே காட்டும் அவளுடைய போன், இன்று ரெமிஜியூஸைக் காட்டியிருந்தது.

"ஏட்டி லியோனி, நல்ல நேரத்துல வந்த," என்று தன் போனை நீட்டினாள் புஷ்பமேரி. "எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. அந்த ஓரத்துல எழுதியிருக்கறதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லேன்."