புழு தின்னும் சத்தம்

“எந்தக் காதும்மா? வலதா, இடதா?”

“இந்தக் காதுதான்டா மோகனு” என்று தீர்த்தம்மாள் இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

“காலையில வலதுன்னியே?”

“ரெண்டும்தான்னு வெச்சுக்கோயேன். உனக்கே வைத்தியம் தெரிஞ்சா இவ்ளோ தூரம் பஸ் ஏறி எதுக்கு வரணும்?”

தருமபுரியில் அந்தக் காது, மூக்கு, தொண்டை மருத்துவமனையில் கூட்டம் நிறைய இருந்தது. சந்திரமோகனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவனுக்கு பெங்களூரில் தகடு அடிக்கும் கம்பெனியில் வேலை. நேற்று ராத்திரிதான் சொந்த ஊரான இண்டூருக்கு வந்து இறங்கினான். காலையில் காபியைக் கையில் கொடுக்கும்போதே, “காதுக்குள்ள என்னமோ சத்தம் கேக்குதுடா” என்று அம்மா சொன்னாள். கிடைத்த முதல் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டான்.

பஸ்ஸில் வரும்போதே செல்போனில் எல்லாம் படித்துவிட்டான். இப்போது ஓசூரில் இருக்கும் தங்கைக்கு, போனை வாயருகே வைத்துப் பேசி டைப் செய்துகொண்டிருந்தான்.

“கோகிலா, காதுல சத்தம் கேட்டா ஏகப்பட்ட காரணம் இருக்குதாம். வெறும் அழுக்கு அடைச்சிருந்தாலும் கேக்குமாம். பிபி இருந்தாலும் கேக்குமாம். ரத்தம் கம்மின்னாலும், சில மாத்திரையாலயும் வருமாம். நரம்புல கோளாறுன்னாதான் கஷ்டமாம். நீ பயப்படாத. எனக்குத்தான் பயமா இருக்குது...”

“சார், கொஞ்சம் மெதுவா பேசுங்க. உள்ள டெஸ்ட் நடக்குது” என்றாள் நர்ஸ்.

“மெதுவாத்தான்க்கா பேசறேன்!”

எதிர் நாற்காலியில் இருந்த குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டது. அதன் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“ரொம்ப பயந்துட்டியாடா?” என்று தீர்த்தம்மாள் கேட்டாள். அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். தோளைத் தொட்டு மறுபடியும் கேட்ட பிறகுதான் திரும்பினான்.

“பின்ன, பயமா இருக்காதா? புழு தின்ற சத்தத்தை வெச்சே அதுக்கு நோவு வந்திருக்குதான்னு கண்டுபுடிக்கிற காதும்மா இது. இது போச்சுன்னா கொட்டாயை யாரு பாக்கறது?”

அவள் மகனின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

அவர்கள் வீட்டுக்குப் பின்னால்தான் பட்டுப்புழுக் கொட்டாய். வருஷம் முழுக்க மாறி மாறிப் புழு வளரும். மல்பெரி இலையை அவை தின்னும்போது ஓட்டின் மேல் தூறல் விழுவதுபோல் இருக்கும். வெளியூரிலிருந்து வந்தவர்கள் உள்ளே கால் வைத்தால் புழுவுக்கு நோய் ஒட்டிவிடும் என்று தீர்த்தம்மாள் யாரையும் விடமாட்டாள். பெற்ற மகனானாலும் சாத்திய கதவுக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

“தீர்த்தம்மாள் யாருங்க? உள்ள வாங்க.”

டாக்டர் அனம் சின்ன விளக்கு வைத்து இரண்டு காதையும் பார்த்தார். பக்கத்து அறையில் ஹெட்போன் மாட்டி டெஸ்ட் எடுக்கச் சொன்னார். பிபி பார்த்தார். சந்திரமோகன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“காது ரெண்டும் சுத்தமா இருக்கு. பிபி நார்மல். உங்க வயசுக்கு டெஸ்ட்டும் ரொம்ப நல்லா வந்திருக்கு. சத்தம் எப்படிம்மா கேக்குது?”

“தூறல் போடற மாதிரிங்க. விடாம கேக்கும்.”

“மெஷின் கிட்ட, ரொம்ப சத்தத்துல ஏதாவது வேலை செய்யறீங்களா?”

சந்திரமோகன் முந்திக்கொண்டான். “அதெல்லாம் இல்லீங்க டாக்டர். மெஷின் சத்தமெல்லாம் என்னோட வேலையிலதான். தகடு அடிக்கற பிரஸ் பக்கத்துலயே நிப்பேன், பழகிருச்சு. அம்மாவுக்கு வூட்டு வேலை, பட்டுப்புழு, அவ்ளோதான். அதுங்க இலை தின்ற சத்தமும் தூறல் மாதிரிதான் இருக்கும். அதுவே அம்மா காதுல நின்னு போச்சோ என்னமோ.”

“புழு தின்னா அவ்வளவு சத்தமா கேக்கும்?”

“இந்தத் தடவை நல்ல பசி போலிருக்குதுங்க. வூட்டுக்குள்ள வரைக்கும் கேக்குது. நேத்து ராத்திரி வந்து எறங்கினதுமே அம்மாகிட்ட சொன்னேன், ‘புழு நல்லா தின்னுது, கூடு அருமையா வரும்’னு. அதைக் கேட்டுக்கிட்டேதான் தூங்கினேன்.” அவன் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தான். “இதுல பாருங்க டாக்டர், பெங்களூர் ரூம்ல படுத்தாக்கூட எனக்கு அதே சத்தம் கேக்குங்க. ஊரு நெனப்பு, வேற என்ன!”

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அவர் பார்த்தது அவனையல்ல, தீர்த்தம்மாளை.

அவள் ஸ்டூலை விட்டு எழுந்தாள். “நீ உக்காருடா.”

“நானா? எனக்கென்ன?”

“எனக்கு ஒரு சத்தமும் கேக்கலைங்க டாக்டர். உனக்குக் காட்டணும், வாடான்னா இவன் வரமாட்டான்னு பொய் சொல்லித்தான் கூட்டியாந்தேன்” என்றாள் தீர்த்தம்மாள். மகனைத் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். “கூடெல்லாம் போன வாரமே சந்தைக்குப் போயிருச்சுங்க. எங்க கொட்டாய்ல இப்ப ஒரு புழு கூட இல்ல.”